எண்ணிக் கொடுத்த கோழிகள்

அன்றைக்கு எங்கள் புறவாசலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் சார். நான் இருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்லத்துரை இருந்தான், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். அவன் பெண்டாட்டி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளைப் பாதியாகத்தான் சேர்க்க வேண்டும். கோழி பத்து. சேவல் ஒன்று. என் அக்கா உலகம்மாள் இல்லை. அவள் வீட்டு முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான், வேறு யாரும் கிடையாது.

நீங்கள் கால்நடைக் கணக்கெடுக்க வந்தவர். கோழி எத்தனை என்று ஒரு எண்ணைச் சொன்னால் போனில் தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறீர்கள். எதிர்வீட்டில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், வாய்க்கு வந்ததை. நான் அப்படிச் சொல்கிறவன் இல்லை. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மோர் இருக்கிறது. அக்கா இருந்தால் இஞ்சி தட்டிப் போடுவாள், எனக்கு அந்தப் பக்குவம் வராது.

எனக்கு இவ்வளவு பேச்சு கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், குற்றாலிங்கம் ஒரு வார்த்தை பேசினால் அதற்கு இரண்டு நாள் லீவு எடுப்பான் என்று. இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லையா, அதனால் தானாக வருகிறது.

பீடிக் கடையில் செக்கராக இருந்தேன் சார். கடை என்றால் பீடி விற்கிற கடை இல்லை, கம்பெனியின் கிளை. சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கு இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்போம். அவர்கள் வீட்டில் சுற்றிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். கொடுத்த இலைக்கும் தூளுக்கும் இத்தனை பீடி திரும்பி வர வேண்டும். எண்ணி வாங்குவது என் வேலை. சரியில்லாததை எடுத்துத் தனியே போடுவதும் என் வேலை. அதற்குக் கழிவு என்று பேர். வாய் பெருத்தால் கழிவு, நூல் தளர்ந்தால் கழிவு. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியது இல்லை. முகத்தைப் பார்த்ததே இல்லை, பீடியைத்தான் பார்ப்பேன். என் அக்காவும் அந்தக் கடைக்குத்தான் சுற்றினாள். கைப்பிள்ளையோடு வந்து நிற்பாள். அவள் கட்டையும் எல்லோருக்கும் முன்னால் பிரித்துக் கழித்திருக்கிறேன். நேர்மை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அந்தப் பெண்களில் பாதிப் பேர் இப்போது காய்கறிச் சந்தையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பையோடு போய் நின்றால் போதும். "செக்கரு வந்துட்டாரு, நல்லதாப் பாத்து எடுத்து வைங்கட்டி, கழிச்சிரப் போறாரு" என்பாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரிக்கும். சொர்ணம் என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் என்னை எடுக்கவே விடமாட்டாள். தானே அள்ளிப் பையில் போடுவாள். வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால் கத்திரிக்காயில் மூன்றுக்கு ஒன்று பூச்சி. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்க எனக்குக் கூச்சம். எதற்காக என் மேல் இவ்வளவு காட்டம் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அதனால்தான் தோட்டம் போட நினைத்தேன். கீரை, கத்திரி, மிளகாய், ஒரு பாகல் பந்தல். ஒரு ஆளுக்கு அது போதும். சந்தைப் பக்கமே போகாமல் மிச்ச நாளை ஓட்டிவிடலாம். பெரிய ஆசை ஒன்றும் இல்லை பாருங்கள்.

ஆனால் அக்கா கோழிகளோடு வந்துவிட்டாள்.

அத்தான் இறந்து ஊரில் தனியாக இருந்தவள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், மாடியில் ஒரே அறை. கூப்பிட்டான், இவள் போகவில்லை. கோழியை எங்கே விடுவேன் என்று கேட்டாளாம். இங்கே எனக்கும் வீட்டுக்காரி போய் வருஷமாகிவிட்டது, வீடு சும்மா கிடந்தது. ஒரு நாள் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். பின்னாலேயே மூன்று கூடை, மேலே பழைய சேலையைப் போட்டுக் கட்டி. அவிழ்த்துவிட்டாள். எல்லாம் நேரே புறவாசலுக்குப் போய், ஏதோ பத்திரம் முடித்து வாங்கியவை மாதிரி நின்று பார்த்தன. அவள் என்னைக் கேட்கவில்லை.

அதற்கெல்லாம் பேர் வைத்திருந்தாள். இங்கே வந்த பிறகு வைத்த பேர்தான். கழுத்தில் பொன் நிறம் இருக்கிறது சொர்ணம். கொண்டை சாய்ந்தது முப்பிடாதி. வெள்ளத்தாய், பாப்பா, இப்படிப் பத்துப் பேரும் பழைய பீடிக் கடைப் பெண்கள். நான் சந்தையில் பயந்து ஓடுகிற ஆட்கள் எல்லோரும் என் வீட்டுப் புறவாசலிலேயே மேய்ந்தார்கள். சேவலுக்கு என்ன பேர் தெரியுமா? செக்கரு. அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் ஒவ்வொரு அரிசியாகப் பார்த்துப் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் தின்னும். "பாத்தியால, ஒன்ன மாதிரியே கழிக்கிறத" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எழுபது வயதை எட்டியவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? நான் உள்ளே போய்விடுவேன்.

முதல் விதைப்பு ஒரே காலையில் போனது. சிறுகீரை இரண்டு இலை விட்டிருந்தது. அக்கா இலை வாங்கப் பீடிக் கடைக்குப் போயிருந்தாள். இந்த வயதிலும் கொஞ்சம் சுற்றுவாள், சும்மா இருந்தால் விரல் மரத்துவிடும் என்பாள். அவள் திரும்பி வருவதற்குள் பாத்தி உழுது போட்டது மாதிரி ஆகிவிட்டது. நான் பத்துத் தடவை ஓடி விரட்டினேன். எனக்குச் சத்தம் போட வராது, துண்டை வீசினேன். துண்டை வீசினால் கோழி நகர்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறது.

இரண்டாம் விதைப்புக்கு உடைமுள் வெட்டிப் பாத்தியைச் சுற்றிப் போட்டேன். அது நின்றது. கீரை வந்தது, கத்திரி பூத்தது, பாகல் பந்தல் ஏறியது. முள்ளின் பலன் என்று எழுதி வைக்காத குறை. அப்போதெல்லாம் அக்கா புறவாசலில் முருங்கை மரத்தடியில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் இலையும் தூளும் வைத்த சுளவு, பக்கத்தில் ஒரு கம்பு. பீடி சுற்றிக்கொண்டே ஓயாமல் கோழிகளோடு பேச்சு. "ஏட்டி சொர்ணம், அங்கன என்ன வேல ஒனக்கு? வெள்ளத்தாயி, கால ஒடிச்சிருவேன், இங்கிட்டு வா." காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரை. எனக்கு அந்தச் சத்தம்தான் பெரிய இம்சையாக இருந்தது. ஒரு மனுஷன் நிம்மதியாகச் செடி பார்க்க முடியாது.

முள் எத்தனை நாளைக்கு? மக்கிவிடும். நிரந்தரமாக ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நினைத்தேன். செல்லத்துரையைக் கேட்டேன். "அடைச்சுப் போடுங்க அண்ணாச்சி, இல்லேன்னா அறுத்துப் போடுங்க, இதுக்கு என்ன யோசனை" என்றான். அவனுக்கு எல்லாம் இரண்டே வழி. அடைத்தால் அக்காவுக்குப் பிடிக்காது. அறுப்பது என் கையால் ஆகாது. கோழியும் திரிய வேண்டும், தோட்டமும் நிற்க வேண்டும். அதற்கு யோசனை வேண்டும், பொறுமை வேண்டும். எனக்கு அது இரண்டும்தான் உண்டு.

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கோழியைக் கவனித்தேன் சார். பீடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். கோழிக்குச் செடி மேல் விரோதம் கிடையாது. அதற்கு வேண்டியது இளகின மண். நாம் தண்ணீர் ஊற்றிக் கொத்திவிட்ட இடம்தான் அதற்கு இனிக்கும். அப்படியென்றால் செடியின் தூரைச் சுற்றிக் கல் அடுக்கினால் கிளறாது. கீரை இளசு, அதற்குக் கம்பிவலையில் கூடாரம் வேண்டும். கொடி மேலே ஏறிவிட்டால் கீழே கோழி நிற்கலாம், பூச்சியைத் தின்னும், நல்லதுதான். வெயில் ஏறினதும் கோழி மண்ணில் புரண்டு குளிக்கும், அதற்கு ஒரு குழி வெட்டிச் சாம்பலும் ஆற்றுமணலும் போட்டுவிட்டால் பாத்திக்குள் வராது. தண்ணீர்ச் சட்டிக்கு நிழலில் ஓர் இடம். ஒன்றோடு ஒன்று இடிக்காமல் நடக்க ஒரு பாதை. எல்லாவற்றையும் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுப் பிரித்தேன். கோழிக்கு என்னென்ன தேவையோ எதையும் விடவில்லை.

மிளகாய்ப் பாத்திக்குத்தான் இடம் இடித்தது. காலை வெயில் முழுசாகவும் உச்சி வெயில் பாதியாகவும் விழுகிற ஒரே இடம் முருங்கைக்குப் பக்கம். அங்கேதான் அக்காவின் பலகை கிடந்தது. பலகைதானே, எங்கே போட்டால் என்ன? முன்வாசலில் வேப்பமர நிழல் இருக்கிறது, தெருவையும் பார்க்கலாம். நானே தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டேன். துடைத்தும் வைத்தேன்.

அக்கா வந்து கோடுகளை எல்லாம் பார்த்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இது என்ன, அது என்ன என்று கேட்டாள், சொன்னேன். கடைசியில் சொன்னாள்:

"கோழிக்குக் குளிக்க எடம், தண்ணி குடிக்க எடம், நடக்கத் தடம். ஏல, எல்லாத்துக்கும் எடம் வச்சிருக்க. நல்லாத்தான் இருக்கு."

அவள் என்னை வாய்விட்டுப் பாராட்டியது அது ஒரு தடவைதான். சுளவை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விட்டாள்.

நான் முதலில் சொன்னேனே, அந்த நாள், அது அதற்கு மறுநாள். செல்லத்துரை கூடாரங்களைப் பட்டறையிலிருந்து தூக்கிவந்து வைத்தான். முள்ளை எல்லாம் எடுத்துப் போட்டோம், இனி எதற்கு? நான் கூட்டைத் திறந்தேன்.

எப்படிச் சொல்வது. முதலில் எல்லாம் நின்று பார்த்தன. ஒரு சத்தமும் வரவில்லை என்று தெரிந்ததும் நடந்தன. முப்பிடாதி கூடாரத்து மேல் ஏறியது, பின்னாலேயே இன்னும் நாலு. வலை தொய்ந்து கீரையோடு தரையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பறந்து பந்தலில் ஏறின, பாகல் கொடி இற்று விழுந்தது. மிளகாய் நாற்று அன்று காலைதான் நட்டது, மண் இளகி இருந்தது, அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம். சாம்பலும் மணலும் போட்ட குழியை ஒரு கோழி திரும்பிப் பார்க்கவில்லை. சொர்ணம் கொத்தமல்லிப் பாத்தியில் படுத்துப் புரண்டு குளித்தது. செக்கரு சேவல் கல் வரிசையின் மேல் ஏறி நின்று கூவியது. செல்லத்துரை சிரித்தான். அவன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். வலையின் இழுப்புப் போதாது, அது செல்லத்துரையின் வேலைக் குறை. இதையும் சொல்ல வேண்டும், நியாயம் நியாயம்தான்: இரண்டு தடவை தோட்டம் அழிந்தபோதும் அக்கா புறவாசலிலேயே இல்லை. அதனால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. செல்லத்துரையிடமும் அப்படித்தான் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஆனால் அது பிறகு. அந்த நேரத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. முன்வாசலுக்குப் போனேன். தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் அக்காவோடு பேசிக்கொண்டு நின்றார்கள். நான் வாழ்க்கையில் போட்ட சத்தம் அதுதான்.

"உன் கோழி அத்தனையும் கழிவு. ஒன்றுகூடத் தேறாது."

பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சுளவில் இருந்த இலைத் துணுக்கைத் தட்டி, சுளவைச் சுவரில் சாய்த்து வைத்தாள். எழுந்து புறவாசலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். அவள் அந்த அழிவைப் பார்க்கவில்லை, கோழிகளைத்தான் பார்த்தாள். பேர் பேராகக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றாக வந்து காலடியில் நின்றன. கம்பு நுனியால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"பத்தும் ஒண்ணும் பதினொண்ணு. எண்ணிக் குடுத்துட்டேன். கோயில் கொடைக்கு வருவேன், எண்ணி வாங்கி வித்துட்டுத் திருப்பூருக்கே போயிருவேன். கொறஞ்சா கொறச்சல் ஒன் பேர்ல. சரியா இருக்கான்னு பாத்துக்கோ செக்கரே."

நான் எண்ணினேன். "சரியா இருக்கு" என்றேன்.

அதுதான் அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது. சாயங்காலம் மகனைப் பார்க்கத் திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள். பலகை முன்வாசலில் கிடந்தது.

கொடைக்கு நிறைய நாள் இருந்தது. கோழி பார்ப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் சாயங்காலமே தெரிந்துவிட்டது. இருட்டுகிற நேரத்தில் எல்லாம் வந்து கூட்டுக்கு முன்னால் நின்றன. நான் கதவைத் திறந்து பிடித்தேன். உள்ளே போகவில்லை. தவிட்டைத் தூவினேன், தின்றுவிட்டு நின்றன. தட்டைத் தட்டிப் பார்த்தேன். பீடிக் கடை சாத்துகிற நேரத்தில் பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவை அடையும், அப்படிப் பழக்கிவைத்திருக்கிறாள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். பொழுது சாய்கிற நேரத்தில், பெண்டாட்டி இல்லாத ஒரு கிழவன், புறவாசலில் நின்று, சொர்ணம் வா, பாப்பா வா, முப்பிடாதி வா என்று கூப்பிடுவானா? அந்தப் பேர்க்காரிகள் எல்லாம் இதே ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். பின்னால் சந்து. போகிறவர் வருகிறவர் காதில் விழாதா?

நான் கூப்பிடவில்லை. அதது அகப்பட்ட இடத்தில் அடைந்தன. முருங்கையில் ஒன்று, பந்தல் காலில் ஒன்று. விடிந்து எண்ணினால் பத்து. இரண்டு நாள் கழித்து எட்டு. பிறகு ஏழு. கூப்பிட ஆள் இல்லாவிட்டால் கோழி எந்த வீட்டுக் கோழியும் இல்லை போலிருக்கிறது. தேய்ந்து தேய்ந்து நாலில் வந்து நின்றது.

பட்டறைச் சத்தம் ஒரு காரணம். சந்தில் ஒரு நாய் புதிதாக வந்திருந்தது. பருந்தும் சுற்றியது, என் கண்ணால் பார்த்தேன். கோழிகள் வேறு ஊர் மண்ணில் பழகியவை. பீடிக் கடையில் நான் கேட்காத சாக்கு இல்லை சார். இலை நைந்து வந்துவிட்டது, தூளில் ஈரம், பிள்ளைக்குக் காய்ச்சல், கூரை ஒழுகியது. ஒன்றையும் ஏற்றுக்கொண்டதில்லை, குறைச்சல் என்றால் குறைச்சல்தான். ஆனால் சாக்கு வேறு, காரணம் வேறு. நான் உங்களுக்குச் சொல்வது காரணம்.

அக்கா எனக்குப் போன் பண்ணவில்லை. செல்லத்துரை பெண்டாட்டிக்குப் பண்ணுவாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க மாட்டாள். கோழி எத்தனை நிற்கிறது என்று மட்டும் கேட்பாளாம். செல்லத்துரை மதில் மேல் எட்டி, "அண்ணாச்சி, எத்தனைன்னு சொல்லட்டும்?" என்பான். எண்ணிக் கொடுப்பேன் என்று சொல் என்பேன். எண்ணிக் கொடுக்க நாலு இருந்தது.

இவள் வந்து பார்த்து, குறைச்சல் என்று சொல்லி, இருக்கிற நாலையும் விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டால் போகட்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். தோட்டத்துக்கு நல்லதுதானே. கோழி இல்லை, முள் வேண்டாம், கூடாரம் வேண்டாம். அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். நாலே கோழி, கத்திரிப் பாத்தி முழுக்கக் கிளறிக் கிடந்தது. பத்தும் இருந்தபோது பூத்த கத்திரி சார் அது. கணக்கு ஒத்து வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வேளை யோசித்தேன். வீட்டுக்குள் சத்தம் இல்லாததும் ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு ரேடியோ வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

போன வெள்ளிக்கிழமைதான் அந்த யோசனை வந்தது. கோழிகள் எப்போதும் அந்தப் பலகையைச் சுற்றித்தானே நின்றன? பலகையைக் கண்டால் கூடலாம். முன்வாசலிலிருந்து தூக்கிவந்து முருங்கைக்குக் கீழே பழைய இடத்தில் போட்டேன். மிளகாய்ப் பாத்தி எப்படியும் அழிந்ததுதான். போட்டுவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன்.

சார், அங்கே உட்கார்ந்தால் எல்லாம் தெரிகிறது. கீரை தெரிகிறது, கத்திரி தெரிகிறது, பந்தல் கால் நாலும் தெரிகிறது. கையில் ஒரு கம்பு இருந்தால் கீரைப் பாத்தி வரைக்கும் எட்டும், அதற்கு அந்தப் பக்கம் குரல் எட்டும். காவலுக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் புறவாசலில் கிடையாது. நான் கோடு போட்டபோது இதை எப்படி விட்டேன் என்று எனக்கு என் மேலேயே கோபம். யாரையாவது அங்கே உட்கார வைத்திருந்தால் கம்பிவலையே வேண்டியிருக்காது.

வெயில் தாழ்ந்தது. சந்தில் ஆள் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். தொண்டைக்குள்ளேயே "சொர்ணம்" என்றேன். நின்ற நாலும் தலையைத் தூக்கின. அட, என்று இன்னும் கொஞ்சம் பலமாக, "சொர்ணம், வா. முப்பிடாதி, வா" என்றேன். வெள்ளத்தாய் காலடிக்கே வந்துவிட்டது. எனக்கு என்ன வேகம் வந்ததோ, பத்துப் பேரையும் வரிசையாகக் கூப்பிட்டேன், மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டேன். "சொர்ணம், எங்கே போனே, வா."

"இங்கனதான் நிக்கேன் செக்கரே. வயசான காலத்துல இப்படிப் பேரு சொல்லிக் கூப்பிடுதிய, என்னன்னு சொல்லுங்க."

மதிலுக்கு மேல் ஒரு காய்கறிக் கூடை தெரிந்தது, அதற்குக் கீழே சொர்ணத்தின் முகம். சந்தை முடிந்து போகிறாள். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. கோழி என்றேன். கோழியைக் கூப்பிட்டேன் என்றேன். அதற்குள் வியர்த்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை சார். அதுதான் ஆச்சரியம். கூடையை மதிலில் இறக்கி வைத்துவிட்டுக் கோழிகளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "இப்பத்தான் பலகை அது எடத்துல கெடக்கு" என்றாள். இவளுக்கும் எங்கள் வீட்டுப் பலகைக்கும் என்ன சம்பந்தம்? பிறகு சொன்னாள், பொன் கழுத்துக் கோழியும் இன்னும் அஞ்சும் அவள் வீட்டுத் தொழுவில்தான் அடைகின்றனவாம். உலகம்மாக்கா கோழி என்று தெரியும், அவள் வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. சந்தைக்கே போகாதவனிடம் எப்படிச் சொல்வாள்?

மறுநாள் காலையில் கூடையில் கொண்டுவந்து இறக்கினாள். "எண்ணி வாங்குங்க" என்றாள். எண்ணினேன், ஆறு. இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். இரண்டாம் தடவையும் ஆறு. நின்றுகொண்டே இருந்தாள்.

"கழிவு எதும் உண்டா?"

இல்லை என்றேன்.

"இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் ஒங்க வாயில இல்லேங்கிறது வருது" என்றாள். வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கூடை இருந்த இடத்தில் நாலு கத்திரிக்காய் இருந்தது. அறுத்துப் பார்த்தேன், ஒன்றில்கூடப் பூச்சி இல்லை. மறந்து வைத்துவிட்டாள் போல.

நாளைக்குக் கொடை சார். இன்று மத்தியான பஸ்ஸில் அக்கா வருகிறாள், செல்லத்துரை பெண்டாட்டி சொன்னாள். பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் கம்பும் சாய்த்து வைத்திருக்கிறேன், புதுக் கம்பு, பழையதை அவள் கொண்டுபோய்விட்டாள். கீரை மறுபடி விதைத்திருக்கிறேன், இன்னும் முளைக்கவில்லை. புதிய கோடும் போட்டிருக்கிறேன். போகும்போது எட்டிப் பாருங்கள். இந்தத் தடவை பலகையை முதலில் போட்டுவிட்டு அதிலிருந்துதான் மற்றக் கோட்டை எல்லாம் இழுத்தேன். விற்கிறேன் என்று அவள் சொன்னால் இந்த ஏற்பாட்டை எடுத்துச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதோ போய்விடலாம், எண்ணைத்தானே கேட்டீர்கள். சேவலைச் சொல்ல வேண்டும். அது காணாமல் போகவில்லை. அதோ பாருங்கள், செல்லத்துரை பட்டறைத் தகரக் கூரை மேல், அந்த ஓரத்தில். பகலெல்லாம் அங்கேதான். தீனியை வைத்தால் பார்க்கிறது, இறங்காது. மற்றதெல்லாம் கூப்பிட்டதும் வந்துவிட்டன. அதற்குத் தானாக இறங்கி வரத் தெரியாது, யாராவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பத்துப் பெண்கள் பேரைச் சந்து கேட்கக் கூப்பிட்டவன்தான். அந்த ஒரு பேர் எனக்கு வாயில் வரவில்லை சார். என்னை நானே எப்படிக் கூப்பிடுவது? அக்கா வந்து, "ஏல செக்கரு, எறங்கி வால" என்று ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரிகிறதே, சேர்த்துக்கொள்ளலாமே என்கிறீர்கள். அது கூடாது. கைக்கு வராததைக் கணக்கில் சேர்த்து நான் இதுவரை சொன்னது இல்லை. பஸ் சத்தம் மாதிரி கேட்கிறது. தட்டிக்கொள்ளுங்கள் சார். கொடுத்தது பதினொன்று. இருப்பு பத்து. குறைச்சல் ஒன்று.